சர்வர் போர்டில் ஃபேன் சத்தத்தை அடக்குவது எப்படி?

கோடையில் வானிலை ஆய்வு மையம் தரும் வெப்பப் பட்டியலில் திருத்தணி அடிக்கடி மேல்வரிசையில் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் அங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. அப்படிப்பட்ட ஊரில், பழைய சர்வர் மதர்போர்டை மலிவாக வாங்கி வீடியோ ரெண்டரிங்குக்கு ஒர்க்ஸ்டேஷன் கட்டுபவருக்கு வரும் முதல் தலைவலி ஃபேன் இரைச்சல். அதைக் குறைக்கலாம். ஆனால் வெயிலையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சாதாரண போர்டில் பயாஸிலேயே ஃபேன் வேகத்தை மாற்றிவிடலாம். சர்வர் போர்டில் அந்தப் பொறுப்பு பிஎம்சி என்ற தனிச் சிப்பிடம் இருக்கிறது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். ஃபேன் கட்டுப்பாடு அதன் கையில் இருப்பதால்தான், ஃபேன் வேகத்தை மாற்றும் ஸ்பீட்ஃபேன் போன்ற மென்பொருள்கள் இங்கே பெரும்பாலும் பலிப்பதில்லை. பிஎம்சியோடு பேச 1998-இல் வந்த ஐபிஎம்ஐ என்ற பொது விதிமுறையும், அதற்கான ஐபிஎம்ஐடூல் என்ற இலவசக் கருவியும் உண்டு.

சூப்பர்மைக்ரோ போர்டுகளில் பலர் சந்திக்கும் சிக்கல் ஒன்று: ஃபேன் சில நொடி அலறும், அடங்கும், மறுபடி அலறும். ஃபேனில் பழுதில்லை. சத்தம் வேண்டாமென்று மாட்டிய 12 செ.மீ. ஃபேன்தான் காரணம். உதாரணமாக, நாக்டுவா என்எஃப்-எஃப்12 ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்று வரை இறங்கும். பிஎம்சியின் கீழ் எல்லை 500 என்றால், 'ஃபேன் நின்றுவிட்டது' என்று முடிவுகட்டி அது எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் ஓட்டும். வேகம் ஏறியதும் நிம்மதியாகிக் குறைக்கும். கதை மறுபடி தொடங்கும். ஐபிஎம்ஐடூலில் அந்த ஃபேனுக்கென உள்ள மூன்று கீழ் எல்லைகளையும் 100, 150, 200 என்பதுபோல இறக்கிவிட்டால் போதும். போர்டு தன் அளவுப்படிகளுக்கேற்ப எண்ணைச் சற்று மாற்றிப் பதியலாம். பதிந்ததைப் படித்துப் பாருங்கள்.

இன்னும் அமைதி வேண்டுமா? முதலில் பிஎம்சியின் இணையப் பக்கத்தில் 'ஆப்டிமல்' முறையைத் தேர்ந்தெடுங்கள். நான்கு பின் ஃபேன்களையே மாட்டுங்கள்; மூன்று பின் ஃபேன் பெரும்பாலான சர்வர் போர்டுகளில் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும்.

அதே பக்கத்தில் 'ஃபுல்' முறையில் வைத்து, ஐபிஎம்ஐடூல் கட்டளை மூலம் 30 சதவீதம் என்று வேகத்தைப் பூட்டுகிறவர்களும் உண்டு. ஆபத்து இங்கேதான். பூட்டியபின் சூடு ஏறினாலும் பிஎம்சி வேகத்தைக் கூட்டாது. மார்கழியில் அறை 25 டிகிரி, பிராசசர் 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதே வேலை, அதே ஃபேன் வேகம். சித்திரையில் அறை 40 டிகிரியானால் பிராசசர் ஏறத்தாழ 80-ஐத் தொடும். இன்னும் ஏறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ரெண்டரிங் இழுக்கும். சொந்த ஃபேன் இல்லாத சர்வர் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இன்னும் மோசம்.

பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால், வெப்பநிலையைப் பார்த்து வேகத்தைக் கூட்டும் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அது நின்றுபோனால் ஃபேன் முழு வேகத்துக்குத் திரும்பும்படியும் அமையுங்கள். எந்த மாற்றம் செய்தாலும், மே மாதப் பிற்பகலில் ஒரு மணி நேரம் முழுச் சுமை கொடுத்துச் சோதித்த பிறகே அதை நம்புங்கள்.