பழைய ஆங்கிலக் கார்களைப் பேணுதல்

மாணவர்களே, சென்னைக்கு அருகிலுள்ள வண்டலூரில் ஒரு காலத்தில் கார்கள் செய்யப்பெற்றன என்பது உங்களுள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1948 இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்னும் நிறுவனம், 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற சிறு காரை உருவாக்கி விற்றது. இங்கிலாந்தில் இதற்கு டிரையம்ப் ஹெரால்டு என்று பெயர். அங்கு இது 1959 இல் வெளிவந்தது. இதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இருவர் மட்டும் அமரத்தக்க தாழ்ந்த உடலை அதன்மேல் பொருத்தி, 1962 இல் 'ஸ்பிட்பயர்' என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டனர். அது 1980 வரை உற்பத்தியில் இருந்தது. ஆகவே, ஒரு ஹெரால்டைப் பழுது பார்க்கக் கற்றவர், புகழ் பெற்ற ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் பாதியைக் கற்றவர் ஆவார்.

இக்கலைக்குக் கோவை மிகவும் ஏற்ற ஊர். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு அவர்களின் காலந்தொட்டு, வண்டியைப் பிரித்துப் பார்த்து அறியும் பழக்கம் இம்மண்ணில் வேரூன்றியிருக்கிறது. அவர் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகம் 2015 முதல் அவிநாசி சாலையில் இருக்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்து வாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் இங்கு மழை குறைவு. கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் இல்லை. எனவே, பழைய காரின் முதற்பகையாகிய துரு இங்கே சற்று மெதுவாகவே வேலை செய்கிறது.

ஆயினும் துருவுக்கு மறைவிடங்கள் உண்டு. அவற்றுள் மிகவும் ஆபத்தான ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஹெரால்டிலும் ஸ்பிட்பயரிலும் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்பது நெட்டான ஓர் எஃகுத் தண்டு. அதன் அடிமுனையில் திருகுமரை வெட்டப்பட்டிருக்கும். அம்மரை 'ட்ரன்னியன்' என்னும் வெண்கலக் கூட்டுக்குள் திருகி உட்காரும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் நட்டுக்குள் போல்ட்டு திரும்புவதுபோல அத்தண்டு வெண்கலத்துக்குள் திரும்புகிறது. முன்சக்கரத்தின் பாரமும் சாலையின் அதிர்ச்சியும் இங்கே வந்து சேருகின்றன.

இவ்விடத்திற்குக் கெட்டியான கியர் எண்ணெயை, அதாவது 90 என்னும் எண்ணுடைய எண்ணெயைச் செலுத்த வேண்டும் என்பது தயாரித்தவர்களின் விதி. ஆனால் பட்டறைகளில் நடப்பது யாது? மற்ற மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் அடிக்கும் கை, பழக்கத்தினால் இதற்கும் கிரீஸையே அடித்துவிடுகிறது. கிரீஸ் மரையின் ஆழத்திற்கு இறங்குவதில்லை. நாளடைவில் காய்ந்து, எண்ணெய் போகும் வழியையும் அடைத்துக்கொள்கிறது. பின்னர் மழைநீர் கசிந்து உள்ளே தங்குகிறது, எஃகு துருப்பிடிக்கிறது, மரையின் பள்ளத்தில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்புத் தோன்றுகிறது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஒருநாள் ஒரு திருப்பத்தில் தண்டு முறிந்து, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் கொண்டையூசி வளைவுகளில் அப்படி நேர்ந்தால் என்னாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

காப்பதற்கு வழி எளிது. கிரீஸ் கன்னைக் கழுவி, அதில் எண்ணெயை நிரப்பி, மரையின் மேற்புறத்தில் எண்ணெய் கசிந்து வெளிவரும்வரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் செலுத்துங்கள். புதிதாக ஒரு பழைய காரை வாங்கினாலோ, அத்தண்டைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். தண்டை நன்கு துடைத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எடுத்து மீண்டும் உலரத் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளை அதன்மேல் மெல்லியதாகத் தூவுங்கள். வெடிப்புக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் சிறிது நேரத்தில் வெளியே ஊறி, வெண்மையின்மீது கரிய கோடாகத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுண்ணக்கட்டி பிடித்த எனக்கு, அதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்பதில் தனி மகிழ்ச்சி.

வெடித்த தண்டை நம் ஊரிலேயே வார்த்துக்கொள்ளலாமே என்று கோவை மாணவர்கள் கேட்பீர்கள். கூடாது. அது காய்ச்சி அடித்து உருவாக்கிய எஃகு. மரத்தில் நார் ஓடுவதுபோல அடித்த எஃகிலும் உள்ளிழை வடிவத்தை ஒட்டி ஓடுகிறது. அந்த வலிமை வார்ப்பிரும்புக்கு வராது. வெல்டிங்கும் ஆகாது. ஸ்பிட்பயருக்கான உதிரிப் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. இதை மட்டும் அங்கிருந்து வரவழைப்பதே முறை. ஆனால் வெண்கலப் புஷ்களையும், தண்ணீர்ப் பம்பின் கூட்டையும், புகைபோக்கி செல்லும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாயையும் இங்கேயே செய்யலாம். உலகுக்கே பம்பு வார்க்கும் ஊருக்கு இது பெரிதல்ல. பழைய பாகத்தையே மாதிரியாக வைத்து வார்ப்பவர்கள் ஒன்றை மறக்கலாகாது: உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்களவு சுருங்கும். மாதிரியை அதற்கேற்பப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, மரைகளின் வேறுபாடு. இக்கார்களில் உள்ளவை அங்குல அளவுகள். 5/16 அங்குல போல்ட்டு 7.94 மில்லிமீட்டர் பருமனுடையது. இன்று கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டு கண்ணுக்கு அதைப் போலவே தோன்றும். ஆனால் முன்னதில் ஓர் அங்குலத்திற்கு 24 மரைகள். பின்னதில் ஏறத்தாழ 20. வலிந்து திருகினால் துளையே பாழாகும். 13 மில்லிமீட்டர் ஸ்பேனரும் அரை அங்குலத் தலையில் வழுக்கி, அதன் மூலைகளை மழுக்கிவிடும். அங்குல ஸ்பேனர்த் தொகுதி ஒன்றை வாங்குவதே முதற்செலவாக இருக்கட்டும்.

ஹெரால்டின் 948 கன சென்டிமீட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, வலிமை மிக்க புதிய எஞ்சினைப் பொருத்த இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். இதனை நான் ஆதரிப்பதில்லை. ஹெரால்டின் பின்சக்கரங்கள் நடுவில் கீல் வைத்த அச்சில் மேலும் கீழும் ஊசலாடுபவை. வேகமாக வளைவில் செல்கையில் திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால், வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடிந்து வண்டி நிலை தடுமாறும். வண்டலூர்க்காரர்களே 1971 இல் வந்த 'கெஸல்' காரில் இவ்வமைப்பைக் கைவிட்டு, ஒரே நெடிய அச்சை வைத்தனர். சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 2021 இல் மைய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த கார் தனி வரிசையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு பதிவு பெறலாம். ஆனால் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டிருந்தால் அவ்வுரிமை இல்லை. கழற்றிய பழைய பாகத்தை எறிந்துவிடாமல், சீட்டு எழுதிக் கட்டிப் பெட்டியில் வையுங்கள்.

எரிபொருளிலும் கவனம் தேவை. 2000 ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் நின்றது. அந்த ஈயம் பழைய வால்வு இருக்கைகளுக்குக் காப்பாக இருந்தது. ஆதலால் எஞ்சின் தலையைப் பிரிக்கும்போது கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்திவிடுவது நலம். 2025 இல் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் இலக்கு எட்டப்பட்டது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைக் கரைத்து மிருதுவாக்கும். நீரையும் ஈர்த்து டாங்கியில் துருவை உண்டாக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தும் காரில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். பிரேக் பாகங்களையோ ஒருபோதும் பெட்ரோலால் கழுவாதீர்கள். அங்குள்ள ரப்பர் வாஷர்கள் ஊதிப் பழுதாகும். பிரேக் எண்ணெயாலேயே கழுவ வேண்டும்.

நெடுநாள் உறங்கிய எஞ்சினை எழுப்புவதற்கும் ஒரு முறை உண்டு. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஓர் இரவு காத்திருங்கள். மறுநாள் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் வலிந்து திருப்பாமல் மீண்டும் எண்ணெய் விடுங்கள். பிறகு பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றுங்கள். பாட்டரியை இணைக்குமுன் அதன் எம்முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளது என்று பாருங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த ஆங்கிலக் கார்கள் பலவற்றில், இன்றைய வழக்கத்திற்கு மாறாக, நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். அதன்பின் பிளக்குகள் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றுங்கள். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் விளக்கு அணைந்த பிறகே பிளக்குகளைப் பொருத்திப் பெட்ரோலைத் திறக்கலாம்.