ஆளில்லாத மடுவில் இறங்கும் முன்

ஐரோப்பியர்களுக்குக் கோடை விடுமுறை என்றால் மத்தியதரைக் கடல் தீவுகள். பெயர்பெற்ற கடற்கரைகளில் துண்டு விரிக்க இடமில்லாமல், பாறைகளுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சின்னக் குடாக்களைத் தேடிப் போய் நீந்துவார்கள். நமக்கு அந்த ஆசை கொல்லிமலையில் வருகிறது. ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழாவும் ஆடிப்பெருக்கும் சேர்ந்துகொள்ள, ஆகாய கங்கையிலும் மாசிலா அருவியிலும் தலை நனைப்பதே பெரும்பாடு. அப்போதுதான் யாராவது ஒருவர், “உள்ளே போனா ஆளே இல்லாத இடம் இருக்காம்” என்று ஆரம்பிப்பார். கொல்லிமலையின் பதினான்கு ஊராட்சிகளுக்கும் ‘நாடு’ என்றே பெயர். அதில் ஒன்று ஆலத்தூர் நாடு. இந்த நாடுகளில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்கினால், ஏதோ ஓர் ஓடையில், ஏதோ ஒரு பாறைக்கு அடியில், பச்சை நிறத்தில் ஒரு மடு கிடக்கத்தான் செய்யும்.

போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. மடு தன்னைப் பற்றிய விவரங்களைப் பாறையிலும் கரையிலும் எழுதி வைத்திருக்கிறது. இறங்கும் முன் கால் மணி நேரம் அதைப் படித்தால் போதும்.

முதலில் பாறை. மத்தியதரைத் தீவுகளில் பல சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு சுண்ணாம்பைக் கரைத்துக் குகை குடையும். குரோஷியாவின் விஸ் தீவில் உள்ள ஸ்டினீவா குடா, கூரை இடிந்து விழுந்த பழைய கடற்குகை என்கிறார்கள். கொல்லிமலையில் அந்தக் கதை நடக்காது. இங்கே பெரும்பகுதி சார்னோக்கைட் பாறை, தண்ணீரில் கரையாது. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இதற்குப் பெயர் வைத்தார். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல், சென்னைப் பகுதியிலிருந்து போன இதே வகைப் பாறை என்பதால் அந்தப் பெயர். செத்தவர் கல்லறையிலிருந்து பெயர் வாங்கிய பாறையின் மேல் நின்றுகொண்டுதான் நாம் செல்ஃபி எடுக்கிறோம்.

கரையாத பாறையில் குழி எப்படி வரும்? இரண்டு வழி. பாறையில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகளில் தண்ணீர் புகுந்து, பாளம் பாளமாகப் பெயர்த்தெடுக்கும். ஓடை படிப்படியாக இறங்குவதும், படி ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மடு இருப்பதும் இதனால்தான். இன்னொன்று, வெள்ளத்தில் வரும் கூழாங்கற்கள் சின்னப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல் சுற்றிச் சுற்றிக் குழியை ஆழமாக்குவது. இந்தக் குழிகள் வாய் சிறுத்து உள்ளே அகன்றும் இருக்கும். மேலே பார்த்தால் இரண்டடி அகலம். உள்ளே கால் போனால் திரும்ப எடுப்பது கஷ்டம்.

மடுவுக்குத் தலை, வயிறு, வால் என்று மூன்று பகுதி உண்டு. தண்ணீர் வந்து விழும் இடம் தலை. விழும் நீர் அடிவரை போய், அங்கிருந்து ஒரு பங்கு பின்னோக்கிச் சுருண்டு மறுபடியும் அருவியின் காலடிக்கே வரும். மேலே மிதக்கும் ஒரு சருகைக் கவனியுங்கள். வெளியே போக வேண்டிய சருகு திரும்பத் திரும்ப அருவியை நோக்கியே வந்தால், அங்கே விழும் ஆளும் அப்படித்தான் வருவார். நீர் அடிக்கும் பாறையின் கீழ்ப்பகுதி குடைந்து பொந்தாகவும் இருக்கலாம். அது வெளியே தெரியாது. வாலில் நிலைமை வேறு. ஓட்டம் தளர்வதால், அதுவரை உருட்டி வந்த கல்லைத் தண்ணீர் அங்கே போட்டுவிடும்: பெரிய கல் முதலில், பிறகு சரளை, கடைசியில் மணல். சரளையும் மணலும் படிந்த இந்த வால்தான் குளிக்கிறவருக்கான இடம். ஆனால் படம் பிடிக்க அழகாக இருப்பது தலைதான். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெள்ளை நுரையைப் பற்றி ஒரு கணக்கு. நல்ல தண்ணீர் கன மீட்டருக்கு 1,000 கிலோ. மூச்சை நிறைய இழுத்துப் பிடித்த மனித உடலின் அடர்த்தி அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு, அதனால் மிதக்கிறோம். அருவியடி நுரையில் பத்தில் ஒரு பங்கு காற்று கலந்துவிட்டால் அந்த நீரின் அடர்த்தி 900 கிலோ. அதில் நம் உடல் கனமான பொருள். காவிரியில் குதித்து நீச்சல் பழகியவரும் நுரைக்குள் மிதக்க முடியாமல் திணறுவது இதனால்தான். கையால் தள்ளினாலும் நுரை பிடிமானம் தராது.

ஆகாய கங்கை சுமார் 300 அடி என்கிறார்கள். அத்தனை உயரத்திலிருந்து தண்ணீர் துளித்துளியாகச் சிதறி விழுந்தால் காற்றின் தடையால் வேகம் குறைந்துவிடும். அதே தண்ணீரோடு ஒரு கல் வந்தால் மணிக்கு 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறையும். பெயர் தெரியாத இருபதடி அருவிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்: கல் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டரில் மண்டைக்கு வரும்.

தெளிந்த தண்ணீர் ஏமாற்றும். ஒளி விலகலால், நேர் மேலே நின்று பார்க்கும்போது ஆழம் முக்கால் பங்காகத்தான் தெரியும். எட்டடி மடு ஆறடியாகத் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. நீச்சல் தெரியாதவர் “கழுத்தளவுதான்” என்று இறங்குவது இந்தக் கணக்குப் பிழையால். தலைகீழாகக் குதிக்கிறவருக்குப் பிரச்சினை வேறு: சென்ற ஆண்டு ஆழமாக இருந்த மடுவில் இந்த ஆண்டு வெள்ளம் ஒரு பாறையை உருட்டிப் போட்டிருக்கும்.

பெரிய ஆபத்து மடுவுக்குள் இல்லை, மேலே இருக்கிறது. கொல்லிமலையின் தலைப்பகுதி மேடும் பள்ளமுமான பீடபூமி. அங்கே பெய்கிற மழை பல ஓடைகளில் வடிந்து ஐயாற்றில் சேர்ந்து, ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் சமவெளிக்கு இறங்குகிறது. மேலே எங்கோ கோடை இடிமழை ஒரு மணி நேரம் கொட்டினால், நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது அதுதான்; திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அடுத்த மாதம் 30-ம் தேதி மகாராஷ்டிரத்தின் லோனாவலாவில், பூசி அணைக்குப் பின்னால் உள்ள அருவியில், ஓட்டத்தின் நடுவே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் போனார்கள். கட்டிப்பிடித்து நின்றும் ஏன் தாங்கவில்லை? ஓட்டத்தின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். முழங்கால் அளவு நீர் நொடிக்கு ஒரு மீட்டரில் ஓடினால், தோராயமாக 7, 8 கிலோ எடை காலைத் தள்ளும். இரண்டு மீட்டரானால் 30 கிலோ. மூன்றானால் 65-ஐத் தாண்டும். நிற்பதோ பாசிப் பாறையில். பாசி என்று நாம் சொல்லும் அந்த வழவழப்பு, நுண்பாசிகளும் பாக்டீரியாக்களும் பாறையில் ஒட்டிக்கொள்வதற்காகச் சுரக்கும் பசை. அதன் மேல் ரப்பர் செருப்பும் நிற்காது.

வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்பதை ஓடைக்கரையே காட்டும். கரையோரப் புதர்களைப் பாருங்கள். கிளை இடுக்குகளில் காய்ந்த புல்லும் சருகும் பொட்டலமாகச் சிக்கியிருக்கும். அது இடுப்பு உயரத்தில் இருந்தால் அண்மையில் வந்த வெள்ளம் இடுப்பு உயரம். அடுத்து பாறைச் சுவர். மேல்பகுதியில் சாம்பலும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக லைக்கன் ஒட்டியிருக்கும். குழம்புக்குப் போடும் கல்பாசியின் இனம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். வெள்ளம் அடிக்கடி தேய்க்கும் இடத்தில் அது பிழைக்காது. ஆகவே ஒரு மட்டத்துக்குக் கீழே பாறை மொழுமொழுவென்று வெறுமையாக இருக்கும். அந்தக் கோடுதான் ஓடையின் வழக்கமான வெள்ள மட்டம். துணிப்பையையும் குழந்தையையும் அதற்கு மேலே வையுங்கள். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ சிவந்தாலோ, திடீரென்று சருகு கூட்டமாக வந்தாலோ, ஓசை கனத்தாலோ கரையேறிவிட வேண்டும். செருப்பை எடுக்கத் திரும்பக் கூடாது.

கோடையில் ஓட்டம் அறுந்து தேங்கிக் கிடக்கும் வெதுவெதுப்பான குட்டைகளில் முங்கிக் குளிப்பதும் வேண்டாம். 2024-ல் கேரளத்தில் சிறுவர்களின் உயிரைப் பறித்த மூளைக்காய்ச்சலுக்குக் காரணமான அமீபா, சூடான நன்னீரில் வளர்ந்து மூக்கு வழியே ஏறுகிறது. அரிதான நோய்தான், ஆனால் பிழைத்தவர்கள் மிகக் குறைவு.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற இடங்களிலும், எந்த ஓடைக்குப் போகிறீர்கள் என்பதை அந்த நாட்டு ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். பள்ளத்துக்குள் செல்போன் சிக்னல் கிடைப்பது உறுதியில்லை. 108-ஐ அழைக்கவே மேடேறி வர வேண்டியிருக்கும். மலையிலிருந்து காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்கவோ 70 கொண்டை ஊசி வளைவுகள்.