பச்சை விளக்கை நம்பலாமா?

பரீட்சை முடிவு வெளியாகும் தினத்தில் நம் வீடுகளில் நடக்கும் அமளியை நேயர்கள் நன்கு அறிவார்கள். பையன் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தாயார் பின்னால் நிற்கிறாள். திரையிலோ ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. லட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் கதவைத் தட்டினால், எங்கோ ஓர் அறையிலிருக்கும் சர்வர் என்னும் கணினி திணறத்தானே செய்யும்? அந்தத் திணறல் எவ்விடத்தில் ஏற்பட்டது என்று காண வேண்டியவர்கள், யந்திரத்தைத் திறந்து பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது ஒரு படத்தை.

இந்தப் படத்தின் பூர்வ கதை சுவாரஸ்யமானது. 1994-ஆம் வருஷத்தில் இங்கிலாந்திலுள்ள டிமான்ட்ஃபர்ட் சர்வகலாசாலையில் டோபியாஸ் ஏட்டிகர் என்பவர் வேலை பார்த்து வந்தார். அவர் இருந்த இடத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவே விநாடிக்கு 64 கிலோபிட் செல்லக்கூடிய ஒரே ஒரு இணைப்புத்தான் உண்டு. பாதையில் நெரிசல் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆவல். கேட்டவருக்கெல்லாம் பதில் சொல்லி மாளுமா? ஏட்டிகர் ஒரு சிறு நிரலை எழுதினார். அதுதான் 1995-இல் வெளியான எம்.ஆர்.டி.ஜி.

அதன் வேலை நம் வீட்டு மின்சார மீட்டரைக் கணக்கெடுப்பது போன்றதே. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பாதையின் முனையிலுள்ள யந்திரத்தை அது விசாரிக்கிறது. முந்தின எண்ணைப் பிந்தின எண்ணிலிருந்து கழிக்கிறது. மிச்சத்தைக் கோடாக வரைகிறது. உள்ளே வருவது பச்சை, வெளியே போவது நீலம். பிரவுசர் உள்ள எவரும் அதைப் பார்க்கலாம். தினம், வாரம், மாதம், வருஷம் என்று நான்கு படங்கள். பழைய கணக்குகள் வர வர ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டுச் சராசரியாகச் சுருங்கிவிடும். ஆகவே வருஷக்கணக்கில் ஓடினாலும் ஏடு பெருப்பதில்லை.

சிக்கனம் மெத்தச் சரி. ஆனால் அதற்கு விலை உண்டு. ஒரு நிமிஷம் பாதை முழுவதும் அடைபட்டு, பாக்கி நான்கு நிமிஷமும் காலியாய்க் கிடந்தால், படம் காட்டுவது இருபது சதவிகிதம்! வகுப்பின் சராசரி மார்க்கைச் சொல்லித் தலைமையாசிரியரை மகிழ்விப்பது சுலபம் என்பதை உபாத்தியாயர்களாகிய நாம் அறிவோம். தோற்ற பையன் அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்கிறான். வருஷப் படத்தில் அவனுடைய நிழல்கூட விழாது.

கோட்டுப் படத்தைத் தவிர வலைப் படமும் உண்டு. சர்வர்களைப் புள்ளிகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் வரைந்து, சுகமாயிருப்பதற்குப் பச்சை, நின்றுபோனதற்குச் சிவப்பு என்று நிறம் தீட்டுவார்கள். 1999-இல் ஈதன் கால்ஸ்டாட் வெளியிட்டு, பிற்பாடு நாகியோஸ் என்று பெயர் பெற்ற நிரலில் ஒரு நல்ல யுக்தி உண்டு. நடுவிலுள்ள ஒரு பெட்டி நின்றுபோனால், அதன் பின்னாலுள்ள நாற்பது யந்திரங்களையும் செத்துப் போனதாக அது எண்ணாது. 'எட்ட முடியவில்லை' என்றே சொல்லும். நடுராத்திரியில் எழுப்பப்பட்ட மனிதருக்கு இந்த ஒரு வேற்றுமை எவ்வளவு பெரிய உபகாரம்! எந்த யந்திரம் எதன் வழியாக வருகிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் இது பலிக்கும். அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ ஸ்தாபனத்தாரின் ஆப்மேனேஜரும் இத்தகைய வலைப் படங்களைப் பிரவுசரிலே காட்டுகிறது. இத்துறையில் நம்மவர் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கவில்லை என்பது நமக்குப் பெருமையே.

இப்படங்களையெல்லாம் ஒரே திரையில் அடுக்கியதற்கு 'டாஷ்போர்டு' என்று பெயர். ஆதியில் அது, குதிரையின் குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டியிலிருப்போர்மீது படாமல் தடுத்த பலகை!

இனி, 2017-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அமேஸான் கம்பெனியின் வடக்கு வர்ஜீனியாப் பிரிவில் எஸ்3 என்னும் சேமிப்புக் களஞ்சியம் இருக்கிறது. எண்ணற்ற ஸ்தாபனங்கள் தங்கள் சரக்கை அதில் வைத்திருக்கின்றன. பசிபிக் நேரப்படி காலை 9-37க்கு, சில சர்வர்களை விலக்குவதற்காக உத்தியோகஸ்தர் ஒருவர் இட்ட கட்டளையில் ஒரு சொல் பிசகிவிட்டது. எண்ணியதைவிட அதிகமான சர்வர்கள் விலகின; களஞ்சியம் ஸ்தம்பித்தது. ஊரெல்லாம் கூக்குரல். கம்பெனியின் பொது டாஷ்போர்டிலோ, பச்சை அடையாளம் மாறவேயில்லை! காரணம் என்ன தெரியுமா? அந்த அடையாளத்தை மாற்றும் கருவியே எஸ்3-ஐ நம்பியிருந்தது. நோயாளியின் நாடியைப் பார்க்க வேண்டிய வைத்தியரும் அதே கட்டிலில் மயங்கிக் கிடந்தார். 11-37 வரை, இரண்டு மணி நேரம், அவர்களால் நிறத்தை மாற்ற முடியவில்லை. அதுவரை ட்விட்டரிலும், டாஷ்போர்டின் தலைப்பில் எழுதிய வாசகத்திலுமே விஷயத்தைத் தெரிவித்தார்கள்.

கம்பெனியார் இதையெல்லாம் மறைக்காமல் தாங்களே எழுதி வெளியிட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். நிறத்தை மாற்றும் அந்தக் கருவியை ஒரே பிரிவை நம்பியிராமல் பல பிரிவுகளிலிருந்து இயங்கும்படி மாற்றியமைத்ததாகவும் அறிவித்தார்கள். நம் பரீட்சை முடிவுகளைத் தாங்கும் சர்வர்களைக் கண்காணிக்கும் படம் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறது? அடுத்த முறை சக்கரம் சுற்றும்போது, சம்பந்தப்பட்டவர்களை நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.