எட்டுக்கு ஒரு சேதி, இரண்டுக்கு ஒரு சேதி

பிரிட்ஜில் ஏலத்தை எடுத்தவர் இரண்டு கைகளைப் பார்த்து ஆடுகிறார். அவருடைய துணை, முதல் சீட்டு இறங்கியதும், தன் 13 சீட்டுகளையும் மேசைமேல் விரித்துவிடுவார். அந்தக் கைக்கு டம்மி என்று பெயர். ஏலம் எடுத்தவரைத் தடுக்க வேண்டிய இருவருக்கோ அந்த வசதி கிடையாது. எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் அவர்கள் ஒவ்வொருவர் கண்ணுக்கும் தன் கை 13, டம்மி 13, ஆக 26 சீட்டுகள் தெரியும். மிச்சம் 26 சீட்டுகள் தன் துணையிடமும் ஏலம் எடுத்தவரிடமும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை. வாயைத் திறக்கக் கூடாது. முகத்திலும் எதையும் காட்டக் கூடாது. போடுகிற சீட்டு மட்டுமே பேசலாம்.

அது பேசுவதும் பெரும்பாலும் சில்லறைச் சீட்டுகளால்தான். ஜெயிக்க வழியில்லாத பிடியில் எட்டைப் போட்டாலும் ஒன்றுதான், இரண்டைப் போட்டாலும் ஒன்றுதான். எதைப் போட்டாலும் நஷ்டமில்லை என்பதால், எதைப் போடுவது என்பதற்கு ஒரு பொருள் கொடுத்துவிடலாம். பிரிட்ஜுக்குத் தாய் ஆட்டமான விஸ்டிலேயே இந்த யோசனை வந்துவிட்டது. பெரிய சீட்டை முதலில் போட்டு அடுத்துச் சின்னதைப் போட்டால் ‘துருப்பை இறக்கு’ என்று அர்த்தம் கொள்ளும் வழக்கத்தை, 1834 வாக்கில் லார்ட் ஹென்றி பெண்டிங்க் என்ற ஆங்கிலேயர் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். கப்பல் புறப்படும் முன் ஏற்றும் கொடியின் பெயரால் அதை ‘ப்ளூ பீட்டர்’ என்று அழைத்தார்கள்.

இன்றைய சைகைகளில் முதலாவது விருப்பம். துணை இறக்கிய இனத்தில் பெரிய சீட்டைப் போட்டால் ‘இதையே தொடர்ந்து ஆடு’. சின்னதைப் போட்டால் ‘விட்டுவிடு’. ஒரு கையைப் பார்க்கலாம்; ஆடும் நால்வரையும் அவர்கள் உட்காரும் திசையின் பெயரால் அழைப்போம். தெற்கு நான்கு இஸ்பேட் ஏலம் எடுத்திருக்கிறார், இஸ்பேட் துருப்பு. மேற்கிடம் ஆட்டினில் ஆஸ், ராஜா, 10, 5, 3. அவர் ஆஸை இறக்குகிறார். டம்மியில் ஆட்டின் ராணி, 7, 4 தெரிகின்றன. கிழக்கு எட்டைப் போடுகிறார், தெற்கு ஆறை. இரண்டு எங்கே? பெரும்பாலும் கிழக்கின் கையில். மேற்கு ராஜாவை இறக்குகிறார். கிழக்கிடமிருந்து இரண்டு விழுகிறது. மூன்றாவது சுற்றில் மேற்கு தைரியமாக மூன்றை இறக்கலாம். டம்மியின் ராணி விழுந்தாலும், ஆட்டின் தீர்ந்துபோன கிழக்கு துருப்பால் வெட்டிவிடுவார். மூன்று பிடி தடுப்பவர்களுக்கு.

அதே இடத்தில் கிழக்கிடம் 9, 8, 2 இருந்திருந்தால் முதல் சுற்றிலேயே இரண்டைப் போட்டிருப்பார். மேற்கு அங்கேயே நிறுத்திக்கொண்டு வேறு இனத்துக்குப் போவார். அவசரப்பட்டு ராஜாவையும் இறக்கினால் டம்மியின் ராணி பிடி எடுக்கத் தயாராகிவிடும்.

இரண்டாவது எண்ணிக்கை. ஏலம் எடுத்தவரே ஓர் இனத்தை இறக்கும்போது தடுப்பவர்கள் விருப்பத்தைச் சொல்வதில் பயன் குறைவு. தன்னிடம் அந்த இனத்தில் எத்தனை என்பதே அங்கே தேவை. பெரியதும் பிறகு சின்னதும் போட்டால் இரட்டைப்படை; சின்னதில் தொடங்கி ஏறினால் ஒற்றைப்படை. துருப்பில்லாத ஆட்டம் ஒன்றில் டம்மியில் டைமண்ட் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 5 இருக்கின்றன. மற்றபடி அங்கே பிடி எடுக்க வழியில்லை. கிழக்கிடம் டைமண்ட் ஆஸ், 8, 4. ஆஸை எப்போது போடுவது? சீக்கிரம் போட்டால் டம்மியின் டைமண்ட்கள் வரிசையாக ஓடும். தாமதித்தால் ஒரு பிடி வீணாகத் தெற்குக்குப் போகும். தெற்கின் கையில் டைமண்ட் தீரும் சுற்று எதுவோ, அந்தச் சுற்றில்தான் ஆஸ் விழ வேண்டும். தெற்கு இனத்தை இறக்க, மேற்கு இரண்டைப் போடுகிறார். அவரிடம் மூன்று என்று கொண்டால் தெற்கிடம் இரண்டு. கிழக்கு ஒரு சுற்று விட்டு இரண்டாவதில் எடுத்துக்கொள்கிறார். மேற்கு ஏழைப் போட்டிருந்தால் அவரிடம் இரண்டு, தெற்கிடம் மூன்று. ஆஸை மூன்றாவது சுற்றுவரை பிடித்துவைத்திருக்க வேண்டும். எண்ணிக்கை சைகை இல்லாவிட்டால் இந்த இடத்தில் பூவா தலையா போட்டுத்தான் ஆட வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் மிக நாசூக்கானது: அடுத்து எந்த இனத்துக்கு வா என்று சொல்வது. அமெரிக்க ஆட்டக்காரர் ஹை லாவிந்தால் 1930களில் இதைப் பரப்பினார். பிரிட்டனில் மெக்கென்னி என்ற வேறு பெயர் ஒட்டிக்கொண்டது. ஆட்டின் துருப்பு என்று வைத்துக்கொள்வோம். மேற்கு தன்னிடமிருந்த ஒற்றைக் கிளாவரை இறக்க, கிழக்கு ஆஸால் எடுத்து, மேற்கு வெட்டுவதற்காக மீண்டும் கிளாவரை இறக்குகிறார். வெட்டிய பிறகு கிழக்கின் கைக்குத் திரும்ப எந்த வழி? துருப்பையும் கிளாவரையும் ஒதுக்கினால் மிச்சம் இரண்டு இனங்கள். கிழக்கு இறக்கிய கிளாவர் ஒன்பதாக இருந்தால் மேலான இனமாகிய இஸ்பேட். இரண்டாக இருந்தால் கீழான டைமண்ட்.

ஒரே சீட்டு மூன்று விதமாகப் பேசுமென்றால் குழப்பம் வராதா? வரும். புதிய ஜோடிகள் தோற்பதில் பாதி இதனால்தான் என்று சொன்னால் மிகையல்ல. துணை இறக்கினால் விருப்பம், எதிரி இறக்கினால் எண்ணிக்கை, இவ்விரண்டும் கேட்கத் தேவையில்லாதபடி தெளிவாகிவிட்டால் இனம் என்ற வரிசையைப் பெரும்பாலானோர் பின்பற்றுகிறார்கள். சில ஜோடிகள் பெரியது சின்னது என்பதைத் தலைகீழாக வைத்துக்கொள்வதும் உண்டு. பயனுள்ள பெரிய சீட்டைச் சைகைக்காக இழக்க வேண்டாமே என்பது அவர்கள் நியாயம்.

இன்னொரு தொல்லை, சேதி எதிரியின் காதிலும் விழுவது. மேலே சொன்ன ஆட்டின் கையில் தெற்கிடம் எட்டும் இரண்டும் இருந்து, கிழக்கு ஆறைப் போட்டிருக்கலாம். தெற்கு வேண்டுமென்றே இரண்டை ஒளித்து எட்டைப் போடுவார். மேற்கின் பார்வையில் இரண்டு காணாமல் போகும். கிழக்கின் ஆறு பெரிய சீட்டுப்போலத் தோன்றும். சட்டம் இதை அனுமதிக்கிறது.

சட்டம் அனுமதிக்காதது ரகசியம். ஒரு ஜோடியின் சைகை முறை எதிரிகள் கேட்டால் விளக்கப்பட வேண்டும். சீட்டையும் ஏலத்தையும் தவிர வேறு வழியில் சேதி போகக் கூடாது. 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில், துணைவர்கள் ஒருவரையொருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். மேசைக்குக் கீழே திரை இல்லை. இத்தாலிய ஜோடி ஒன்றில் ஒருவர் தன் துணையின் காலைக் காலால் தொட்டதாகப் புகார் எழுந்து, கண்டனத்தில் முடிந்தது. அதன்பின் கீழேயும் தடுப்பு வந்தது.

காலால் பேசாமல், சட்டத்தின் எழுத்தையும் மீறாமல் ரகசியம் பேச முடியுமா என்று யோசித்தவர் கணிதவியலாளர் பீட்டர் விங்க்ளர். 1980களின் தொடக்கத்தில் அவர் காட்டிய வழி இது: ஓர் இனம் ஏலம் எடுத்தவரிடம் தீர்ந்துவிட்டது தெரிந்தவுடன், அந்த இனத்தில் துணையிடம் என்னென்ன இருக்கின்றன என்பது தடுப்பவர் இருவருக்கும் துல்லியமாகத் தெரிந்துவிடும். எதிரிக்கு அந்தப் பங்கீடு தெரியாது. ஆக, ‘அந்த இனத்தில் மிச்சமுள்ள பெரிய சீட்டு கிழக்கிடம் இருந்தால் பெரியது விருப்பம், மேற்கிடம் இருந்தால் சின்னது விருப்பம்’ என்று முன்பே விதி வகுத்துவிடலாம். விதியை எதிரிக்கு முழுதாக விளக்கிவிட்டாலும் சாவி அவரிடம் இல்லை. வட அமெரிக்க பிரிட்ஜ் சங்கம் இத்தகைய சைகைகளைத் தடைசெய்திருக்கிறது.