தண்டத்தின் பின்னும் நிற்கும் பதிவு

புங்குடுதீவின் மடத்துவெளியை வேலணையோடு இணைப்பது கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியாகும். வாணர் பாலம் என மக்கள் வழங்கும் அவ்வழியாலேயே தீவாரும், குறிகட்டுவானிற் படகேறி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோரும் போக்குவரவு செய்கின்றனர். இத்தகைய ஊரிலே வாகனம் ஓட்டிப் பிழைக்கும் ஒருவனுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வெறுங் காகிதமன்று. உழவனுக்கு வயலும் மீனவனுக்கு வலையும் போன்றது.

மதுபோதையில் வாகனம் செலுத்திப் பிடிபட்டவன் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்படுகின்றான். தண்டம் பெரும்பாலும் 25,000 ரூபா அளவில் அமையும். அனுமதிப்பத்திரமும் சில காலம் இடைநிறுத்தப்படலாம். அருந்தியது பனங்கள்ளுத்தானே என்று சிலர் வாதிப்பதுண்டு. மூச்சை அளக்கும் கருவி பனையையும் சாராயத்தையும் பிரித்தறிவதில்லை. பணத்தைக் கட்டி வெளியே வந்ததும், "கருமம் முடிந்தது" என்று உறவினர் ஆறுதலடைவர். குற்றத்தை ஒரு கடனாகவும், தண்டத்தை அக்கடனின் தீர்வாகவும் எண்ணும் பழக்கம் இது. ஆனால் தண்டம் தீர்ந்தபின்னரும் தீர்ப்பு பதிவேட்டில் நிற்கின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தீவகத்தார்க்கு இப்பதிவு ஏனையோர்க்கு இல்லாத ஒரு பொருளையும் உடையது. போர்க்காலத்திலே புங்குடுதீவார் பெருந்தொகையினராகக் கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு முதலிய நாடுகளிற் குடியேறினர். பூட்டிய வீடுகள் பல இன்றும் அதற்குச் சான்று. ஒரு குடும்பத்தின் பாதி இங்கும் பாதி ரொறன்ரோவிலும் வாழும் நிலையில், யாழ்ப்பாணத் தெருவொன்றில் நடந்த குற்றம் ஒட்டாவாவின் கோப்புகளிலும் ஆராயப்படுகின்றது.

கனடாவின் குற்றவியற் சட்டம் 2018 ஆம் ஆண்டு திசம்பர் 18 ஆம் நாள் முதல் இவ்விடயத்திற் கடுமையாக்கப்பட்டது. அங்கே 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் மதுசாரம் இருப்பின் குற்றமாகும். இலங்கையில் நெடுங்காலமாக இருந்துவந்த வரம்பும் அதுவே. முதன்முறை குற்றவாளிக்குக் குறைந்த தண்டம் 1,000 டொலர். ஓராண்டேனும் வாகனம் ஓட்டத் தடை. இவற்றினும் பாரதூரமான மாற்றம் வேறொன்று. அக்குற்றத்திற்கு விதிக்கக்கூடிய உச்சத் தண்டனை ஐந்தாண்டுச் சிறையிலிருந்து பத்தாண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டது. அந்நாட்டின் குடிவரவுச் சட்டம் பத்தாண்டுவரை தண்டிக்கத்தக்க குற்றத்தைப் "பாரதூரமான குற்றம்" என வகுக்கின்றது. உண்மையில் விதிக்கப்பட்டது எவ்வளவு என்று அது கேட்பதில்லை. விதித்திருக்கக்கூடியது எவ்வளவு என்றே கேட்கின்றது. எனவே, ஒருநாளேனும் சிறை செல்லாது 1,000 டொலர் தண்டம் மட்டும் கட்டிய நிரந்தர வதிவுரிமையாளர் ஒருவரும் நாடுகடத்தல் விசாரணைக்கு உள்ளாகலாம்.

இருபது ஆண்டுகள் உழைத்து வீடு வாங்கிப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பிய தந்தையையும் இவ்விதி விட்டுவைப்பதில்லை. விசாரணைக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் குடிவரவு அதிகாரிக்கு உண்டு. ஆறு மாதத்துக்குக் குறைந்த சிறையோ தண்டமோ பெற்றவர் மேன்முறையீடு செய்து, குடும்ப நிலை, வாழ்ந்த காலம், திருந்திய நடத்தை ஆகியவற்றை எடுத்துரைக்கலாம். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை பெற்றவர்க்கு அவ்வாய்ப்பும் இல்லை.

இங்கிருந்து செல்ல விழைபவர் நிலை யாது? கனடாவிலுள்ள மனைவி கணவனை அழைக்கின்றாள். விண்ணப்பத்தில் முன்னைய குற்றத்தீர்ப்புகள் கேட்கப்படுகின்றன. பொலிசு நற்சான்றும் வேண்டப்படுகின்றது. இலங்கைத் தீர்ப்பு கனடியச் சட்டத்தின் ஒத்த குற்றத்தோடு ஒப்பிடப்படும். ஒத்திருப்பின், அந்த 25,000 ரூபாத் தண்டம் பாரதூரமான குற்றமாக எண்ணப்படும். மறைத்துவிடலாம் என்று தரகர் கூறும் அறிவுரை மிகத் தீயது. பொய்யுரை தனிக் குற்றமாகி, ஐந்தாண்டுகளுக்கு வாயிலை அடைத்துவிடும்.

பரிகாரம் இல்லாமலில்லை. தண்டனை முற்றும் நிறைவேறி ஐந்தாண்டுகள் கழிந்தபின், திருந்தியமைக்குச் சான்று காட்டி அனுமதி வேண்டலாம். முன்னர் இத்தகைய ஒற்றைக் குற்றம் பத்தாண்டுகளில் தானாகவே மறக்கப்பட்டது. 2018 இறுதியின் பின் நிகழ்ந்தவற்றுக்கு அச்சலுகை இல்லை. கனடாவிலே தீர்ப்புப் பெற்றவர் உரிய காலம் கழிந்தபின் பதிவை ஒதுக்கிவைக்குமாறு விண்ணப்பிக்கலாம்.

குடியுரிமை பெற்றவரை இக்குற்றத்திற்காக நாடுகடத்த இயலாது. ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் அங்கு வாழ்ந்தவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். பிறகு பார்ப்போம் என்று அதனைப் பல்லாண்டு தள்ளிவைத்த வதிவுரிமையாளரே, வாகனக் குற்றம் சாட்டப்பட்டு, விரைவில் முடித்துவிட எண்ணிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது பெரிதும் இடர்ப்படுகின்றார். அத்தகையவர் வாக்குமூலம் அளிக்குமுன் குற்றவியல் வழக்கறிஞரிடம் மட்டுமன்றிக் குடிவரவு வழக்கறிஞரிடமும் கேட்டறிதல் வேண்டும். தீர்ப்பு எழுதப்பட்டபின் அதன் குடிவரவு விளைவை மாற்றுவது கடினம்.