உங்களுக்குத் தெரியுமா? 8 எழுத்து, 48 பைட்!

‘சேத்தியாத்தோப்பு’ நமக்கு 8 எழுத்து. கணினி அதை 16 யூனிகோட் குறிகளாகப் பிரித்து, யூடிஎஃப்-8 முறையில் 48 பைட்டாகச் சேமிக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் டெர்மினலில் (முனையத்தில்) தமிழ் தடுமாற, எழுத்தும் குறியும் இப்படி எண்ணிக்கையில் ஒத்துப்போகாததும் ஒரு காரணம். அங்கே திரை முழுக்க ஒரே அகலக் கட்டங்கள். 1978-இல் வந்த விடி100 முனையத்தின் 80 கட்டம், 24 வரி என்ற ஏற்பாடு இன்றும் ஓடுகிறது. ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டை அது!

புள்ளிக்குத் தனிக் கட்டம் இல்லை. துணைக்கால், கொம்புக்கு ஒரு நிரல் கட்டம் ஒதுக்கும், இன்னொன்று ஒதுக்காது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் கணக்கும் டெர்மினலின் கணக்கும் முரண்பட்டால் கர்சர் வேறெங்கோ நிற்கும்.

எழுத்துக்குப் பதில் வெற்றுப் பெட்டிகள் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவுங்கள். கேள்விக்குறிகளா? முதலில் லொக்கேல் (மொழி, குறியாக்க) அமைப்பு யூடிஎஃப்-8தானா என்று பாருங்கள்.

டெர்மினல் நிரல்களில் ஒன்றான, கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டு எழுத்தை வரையும் ‘கிட்டி’யை உருவாக்கியவர் இந்தியரான கோவித் கோயல். மின்னூல் வாசகர்கள் அறிந்த ‘காலிபர்’ மென்பொருளும் அவருடையதே. கிட்டியிலிருந்து தொலைசர்வருக்குள் நுழைந்ததும் ‘இந்த முனையம் தெரியாது’ என்று பிழை வருகிறதா? கிட்டியின் சொந்த எஸ்எஸ்எச் கட்டளை வழியே நுழையுங்கள்; முனைய விவரக் கோப்பை அதுவே அங்கே கொண்டுபோய் வைத்துவிடும்.