கிள்ளான் 1941: கூலி கேட்டவர்கள் சைக்கிளைப் பற்றியும் பேசியது ஏன்?

கிள்ளான் – எதிரே துரை வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அன்றைய தோட்ட வழக்கம் அது. 'இனி இறங்க மாட்டோம்' என்று 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் சொன்னார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் நடக்கும் அத்துமீறலுக்கு முடிவு, கள்ளுக்கடை மூடல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவையும் அதே பட்டியலில் இருந்தன.

எந்தப் போராட்டம் என்றாலும் நம்மிடையே இரண்டு குரல்கள் எழும். 'எல்லாம் வயிற்றுப் பிரச்சினை' என்பது ஒன்று. 'இது மானப் பிரச்சினை' என்பது மற்றொன்று. கிள்ளான் போராட்டத்தில் இரண்டும் இருந்தன.

வயிற்றுக் கணக்கு

1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவி பெற்று வரும் தொழிலாளர்களைத் தடுத்தது. புதிய ஆள் வரத்து நின்றது. அடுத்த ஆண்டு போர் தொடங்க, ரப்பருக்குத் தேவை கூடியது. பொருள் விலையும் ஏறியது. ஆள் பற்றாக்குறை தொழிலாளியின் கையை வலுப்படுத்தியது. பழைய மனக்குறைகள் 1941இல் வேலைநிறுத்தமாக வெடித்ததற்கு இது முக்கியக் காரணம்.

மானத்தின் சொல்

நேரம் கனிந்தால் போதாது. பட்ட வேதனைக்கு ஒரு பெயர் வேண்டும். அது வெளியிலிருந்தும் வந்தது. 1929இல் பெரியார் மலாயா வந்து சுயமரியாதை பேசினார். 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். காந்தியின் மதுவிலக்குப் பிரசாரமும் தோட்டத்தை எட்டியிருந்தது. கிள்ளான் போராட்டத்தை வழிநடத்திய ஆர்.எச். நாதனும் பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவர்தான்.

கள்ளுக்கடையைப் பாருங்கள். சீர்திருத்தவாதிக்கு அது ஒழுக்கக் கேடு. வீட்டுப் பெண்ணுக்கு அது கரையும் கூலி. இரண்டும் ஒரே கோரிக்கையாயின. மறுபக்கம், 'எங்கள் ஆட்கள் சாதுக்கள், வெளியாள்தான் தூண்டிவிடுகிறான்' என்ற பேச்சு தோட்ட நிர்வாகத்துக்கு வசதியாக இருந்தது. அதை நம்பினால் கூலியைப் பற்றிப் பேசத் தேவையில்லை.

மே மாதச் சோதனை

முதல் கட்ட வேலைநிறுத்தத்தில் கூலி ஓரளவு உயர்ந்தது. வயிறு மட்டுமே காரணம் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மே 5ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர். மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படைகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அந்த இரண்டாம் நிறுத்தம் வெறும் உணர்ச்சி வேகமும் அல்ல. தலைவனை இழந்தால் பெற்ற கூலியும் நிலைக்காது என்பது தொழிலாளிக்குத் தெரியும்.

2007இலும் அதே பின்னல்

2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் ஹிண்ட்ராப் பேரணி நடந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டிருந்தது. பலர் அதைச் சமய உணர்வின் எழுச்சியாக மட்டுமே பார்த்தனர். ஆனால், தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயத்தையும் வேலையையும் சேர்த்து இழந்தவர்கள் நம் மக்கள். முன்னோர் எழுப்பிய பல கோயில்களுக்கு நிலப் பட்டா இல்லை. அவர்கள் குடியிருந்த வீட்டுக்கும் இல்லை. கோயிலுக்காக எழுந்த குரலில் நிலமிழந்தவரின் குரலும் கலந்திருந்தது.

ஆகவே, 'சாமிக்காகவா, சோற்றுக்காகவா?' என்று கேட்பதில் பயனில்லை. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவரும் கூலி உயர்வு கேட்டவரும் ஒரே ஆள்தான்.